எடுத்துக் கொடுத்தவள்

அவள் அந்த நாடகக் கொட்டகைக்கு வந்து இறங்கியது மழை நாளிலா, வெயில் நாளிலா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். மழை கொட்டியது என்றார் லைட்காரர். வெயில் மண்டையைப் பிளந்தது என்று மேக்கப் அக்கா சத்தியம் செய்தாள். இதில் யார் சொன்னது எது, நானாக இட்டு நிரப்பிக்கொண்டது எது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் வாசலில் நின்றபடி புதுப்பெண் கேட்ட முதல் கேள்வியை மட்டும் இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

"உள்ள யாரு பேசிட்டிருக்காங்க?"

பூட்டு இன்னும் திறக்கப்படவில்லை. சாவி வாத்தியாரின் கையில் இருந்தது.

"யாரும் இல்ல. பழைய கட்டடம். காத்தடிச்சா மரம் முனகும்."

வாத்தியார் என்பது ஊர் வைத்த பெயர். நாடகம் எழுதுவார், சொல்லிக் கொடுப்பார், முக்கிய வேஷம் கட்டுவார். அவர் கதவைத் திறந்துகொண்டு முன்னால் போனார். அவள் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். கல்யாணமாகி அப்போது ஒரு பகல்கூட முழுதாக முடிந்திருக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் இரண்டு அறைகள். அதுதான் வீடு. வீட்டுக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு கறுப்புத் திரை. அடுப்படியில் வெங்காயம் வதக்கினால் முன்வரிசை நாற்காலி வரை மணக்கும். அடுப்படியில் யாராவது அழுதால் அதுவும் அங்கே வரை கேட்கும்.

சம்பந்தம் பேசி முடித்தது அவளுடைய அண்ணன். அச்சாபீஸில் வேலை. வாத்தியாரின் நாடக நோட்டீஸ்களை அச்சடித்து அச்சடித்து அவர் மேல் ஒரு மரியாதை. "நல்ல பேரு இருக்கிற மனுஷன். மூத்த சம்சாரம் தவறிப்போச்சு. இந்த வயசுல உனக்கு இதுக்கு மேல எவன் வருவான்?" என்றான். பெண் பார்க்க வந்த வாத்தியார் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த செய்தித்தாளை மட்டும் அவள் பக்கம் தள்ளினார்.

"படி. சத்தமா வேணாம். பக்கத்துல இருக்கிறவனுக்கு மட்டும் கேக்கணும்."

அவள் மெல்லப் படித்தாள். அவர் தலையாட்டினார். கூச்ச சுபாவம்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் தேடிக்கொண்டிருந்தது பெண்டாட்டியை அல்ல என்று பிறகுதான் தெரிந்தது.

மேடையின் முன்விளிம்பில், நட்டநடுவில் ஒரு குழி. அதன் மேல் மரத்தால் செய்த ஒரு கூடு, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. கூட்டின் வாய் மேடையைப் பார்த்திருக்கும். ஒரு முகம் தெரியும் அகலம், குறுக்கே இரண்டு கம்பி. உள்ளே ஒரு முக்காலியும் கையடக்க விளக்கும். அங்கே உட்கார்ந்தால் கண் மேடைத் தரைக்கு நேராக வரும். நடிகர்களின் கால்கள்தான் முதலில் தெரியும், அண்ணாந்தால் முகம். வசனம் மறந்தவர்களுக்கு அங்கிருந்து வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும். மேடைக்கு அடியில் குனிந்தே நடந்து, ஒரு சின்னக் கதவு வழியாக அதற்குள் போக வேண்டும். நாடகம் நடக்கும்போது கதவு காற்றில் திறந்து வெளிச்சம் விழுந்துவிடக் கூடாது என்று வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்திருந்தார்கள்.

"மூத்தவ உக்காந்த இடம். துடைச்சுத்தான் வெச்சிருக்கேன்," என்றாள் மேக்கப் அக்கா.

முக்காலி சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே கிராம்பு வாசனை அடித்தது. மென்று துப்பின கிராம்பு, இன்னும் ஈரம் காயாத மாதிரி.

"இங்க கிராம்பு யாரு போட்டா?"

அக்கா கையிலிருந்த துணியை உதறிக்கொண்டு வெளியே நகர்ந்தாள். மூத்தவளுக்கு மூச்சிழுப்பு இருந்தது, தொண்டைக்கு இதமாக எப்போதும் வாயில் கிராம்பு அடக்கியிருப்பாள் என்பதை அக்கா வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள். ஒருநாள் அந்தக் குழிக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தாள் என்பதையும். தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டதாம்.

வாத்தியாருக்கு எழுத வரும், மனப்பாடம் வராது. தான் எழுதிய வசனமே தனக்கு மறக்கும். அதனால் குழுவுக்கு ஒரே சட்டம் வைத்திருந்தார். "குழியிலருந்து வர்றது காதுல விழுந்தா வாயில வரணும். நடுவுல மூளைக்கு வேலையே இல்ல." மறந்துபோனால் மோதிரத்தைத் திருகுவார்கள். அதுதான் ஜாடை. திருகிய மறுகணம் வசனம் வரும், அப்படியே சொல்வார்கள். வருஷக்கணக்காகப் பழகிப் பழகி அது தும்மல் மாதிரி ஆகியிருந்தது. யோசித்து நிறுத்த முடியாது.

ஊரெல்லாம் பேர் வாங்கிக் கொடுத்த அவருடைய நாடகம், விருப்பமில்லாத ஒருவனுக்குக் கட்டிவைக்கப்பட்ட பெண்ணைப் பற்றியது. கதாநாயகி ஜன்னலோரம் நின்று பேசும்போது பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். ஒரு ஆம்பளைக்குப் பொம்பளை மனசு இவ்வளவு எப்படித் தெரிகிறது என்று கேட்பார்கள். வாத்தியார் அடக்கமாகச் சிரிப்பார்.

வீட்டில் அவர் சிரிப்பதில்லை. பேசுவதும் இல்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவார். எடுக்க மறந்தால் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ஒரு மத்தியானம் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இந்த வீட்டுல நான் ஒரு நாற்காலி மாதிரி இருக்கேன். நாற்காலியக்கூட உக்காரும்போது ஒரு தடவ திரும்பிப் பாப்பீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மென்மையாக, "ம், சொல்லு," என்றார்.

அவள் சொன்னாள். மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். அழுதுகொண்டே சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது.

அடுத்த ஒத்திகையில் அவள் கையில் புதிய பக்கங்கள் வந்தன. கதாநாயகி ஜன்னலோரம் போய் நின்று மோதிரத்தைத் திருகினாள். குழிக்குள் இருந்தவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

இந்த வீட்டுல நான் ஒரு நாற்காலி மாதிரி இருக்கேன்.

வாய் வரவில்லை. கதாநாயகி மறுபடி திருகினாள். "என்னம்மா, தூங்கிட்டியா? புருஷன்காரன் எழுதினத படிக்கவே வெக்கமா?" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தன் அழுகையைத் தானே, மெதுவாக, பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி எடுத்துக் கொடுத்தாள்.

"வாத்தியாரே, இந்த வரிக்குக் கைதட்டு நிச்சயம்," என்றாள் கதாநாயகி.

மேக்கப் அக்கா அன்று மேடைக்கு அடியில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு இப்பதான் தெரிஞ்சுதா? மத்த வசனம் அவ்வளவும் மூத்தவளோடது. அவ அழுதது, திட்டினது, கெஞ்சினது. ஒண்ணு விடல அந்த மனுஷன்."

அதற்குப் பிறகு அவர் அவளைச் சும்மா விடவில்லை. அவளுக்கு வந்த கடிதத்தை அவள் கண்ணெதிரே அடுப்பில் போடுவார். அண்ணனுக்கு விபத்து என்பார். அவள் பதறியடித்து ஓடி, பொய் என்று தெரிந்து திரும்பி வந்தால், வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"ம், சொல்லு."

அண்ணனிடம் போய்ச் சொன்னாள். "அடிக்கிறாரா? இல்லையே. குடிக்கிறாரா? அதுவும் இல்லையே. கலைஞர்னா அப்படித்தான் இருப்பாங்க, அனுசரிச்சுப் போ," என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். கொட்டகைக்கு நடந்து வருகிற வழியில் ஏதோ ஒன்று அவளுக்குள் கெட்டிப்பட்டது. இனி அந்த மனுஷனுக்குத் தன் வாயிலிருந்து ஒரு சொல் போகாது என்று முடிவு செய்தாள். அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் அது ஒன்றுதான் மிச்சம்.

அழுகையை நிறுத்தினாள். கேள்வி கேட்பதை நிறுத்தினாள். ஒத்திகையில் யாராவது தமாஷ் பண்ணினால் சிரித்துக்கொண்டிருந்தவள் அதையும் நிறுத்தினாள். குழியில் மட்டும் வேறொன்றைக் கற்றுக்கொண்டாள். அவர் மோதிரத்தைத் திருகும்போது ஒரு மூச்சு தாமதித்துக் கொடுப்பாள். அந்த ஒரு மூச்சில் அவர் நெற்றியில் வேர்ப்பது தெரியும். பிறகு இரண்டு மூச்சு தாமதித்தாள். அதில் அவளுக்கு ஒரு ருசி வந்துவிட்டது. வந்த புதிதில் பூனைக்குட்டிக்குக்கூடப் பால் வைத்துக்கொண்டிருந்தவள்.

அந்தத் தாமதத்தில்தான் அவள் அதை முதலில் கேட்டாள்.

அவள் சொல்ல வாயெடுப்பதற்கு முன்னால், பிடரிக்குப் பின்னாலிருந்து, அதே வசனம். மெதுவாக. பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

எதிரொலி என்று நினைத்தாள். எதிரொலி முன்னால் வராது.

திரும்பிப் பார்த்தாள். பலகைச் சுவர். அதில் முதுகு சாய்ந்து சாய்ந்து வழவழத்துப்போன ஓர் இடம். தொட்டால் சூடாக இருந்தது.

புது நாடகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நோட்டீஸ்கூட அச்சாகிவிட்டது. வாத்தியாரிடம் ஒரு பக்கமும் இல்லை.

"நீயும் அவளாட்டமே ஆயிட்ட," என்றார் ஒரு காலையில்.

"அவங்க எப்படி ஆனாங்க?"

"வாயத் தைச்சுக்கிட்டா."

"அப்புறம்?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மேடைப் பக்கம் போனார். அன்று மத்தியானம் ஒத்திகை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அவள் குழிக்குள் பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. இரும்பு இரும்பில் உரசி, நிதானமாக.

மேலே காலடி. ஒரு நாற்காலி இழுபட்டது. கூட்டின் வாய் வழியே பார்த்தாள். வாத்தியார் ஆளில்லாத மேடையில் உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளைத் தாள். கையில் பேனா.

"ம், சொல்லு."

பகல்தான். கூரை ஓட்டைகளிலிருந்து வெயில் ஊசி ஊசியாக மேடையில் இறங்கிக்கொண்டிருந்தது. குழிக்குள் மட்டும் இருட்டு. தூசி தொண்டையில் ஒட்டியது. கத்த வேண்டும்போல் இருந்தது. திறந்துவிடுங்க என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

கிராம்பு வாசனை வந்தது.

அதோடு ஒரு மூச்சு. அவளுடையது அல்ல. உள்ளே இழுக்கும்போது ஓட்டைத் துருத்திபோல் விசிலடிக்கும் மூச்சு.

காதருகே, ஈரமாக.

"கேக்காத."

அவள் முக்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"நீ கேக்கணும்னுதான் உக்காந்திருக்கான். கேக்காத. நான் கேக்கல."

அவள் கேட்கவில்லை. வெயில் ஊசிகள் மேடையில் மெல்ல நகர்ந்தன. பேனா தாளின் மேல் காத்திருந்தது. லைட்காரர் ஒரு பல்பை மாற்ற மறந்துபோய்த் திரும்பி வந்ததால் அன்று அவள் பிழைத்தாள். மேடைக்கு அடியில் ஒயரைத் தேடிக் குனிந்தவர் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுத் திறந்தார்.

"தானா விழுந்திருக்கும்," என்றார் வாத்தியார் மேலிருந்து.

லைட்காரர் தாழ்ப்பாளையே பார்த்தார். அது பக்கவாட்டில் தள்ளிப் போடுகிற வகை. விழுவதற்கு அதில் ஒன்றுமில்லை. "போன தடவையும் இதையேதான் சொன்னீங்க வாத்தியாரே," என்றார் மெல்ல.

அன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது வாத்தியார் அவளிடம் சாதாரணமாகச் சொன்னார். "நாளைக்கு ஷோ முடிஞ்சதும் எல்லாருக்கும் லீவு. ஒருத்தனும் வர மாட்டான். நாம நிதானமாப் பேசலாம்."

மறுநாள் அதே பழைய நாடகம்தான்; கொட்டகை நிறைந்திருந்தது. ஓடிவிட நினைத்திருந்தால் ஓடியிருக்கலாம். வாசல் திறந்துதான் கிடந்தது. அவள் குனிந்து நடந்து, சின்னக் கதவைத் திறந்து, முக்காலியில் போய் உட்கார்ந்தாள். ஏன் என்று பின்னால் மேக்கப் அக்கா கேட்டபோது, "இடம் பிடிச்சு வெச்சிருந்தாங்க," என்றாள்.

கடைசிக் காட்சி வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. கதாநாயகி ஜன்னலை விட்டு நடுமேடைக்கு வந்து, புருஷன் வேஷத்தில் நின்ற வாத்தியாரைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க மனசுல என்னதான் இருக்கு? ஒரே ஒரு தடவ சொல்லுங்க."

வாத்தியார் மோதிரத்தைத் திருகினார்.

அவள் ஒரு மூச்சு தாமதித்தாள். அந்த ஒரு மூச்சே போதுமானதாக இருந்தது.

"தாழ்ப்பாள நான்தான் போட்டேன்."

சொன்னது அவள் இல்லை. ஆனால் குழியிலிருந்து வந்தது. காதில் விழுந்தது வாயில் வந்தது.

"தாழ்ப்பாள நான்தான் போட்டேன்," என்றார் வாத்தியார், கணீரென்று.

கதாநாயகி விழித்தாள். வாத்தியாரும் விழித்தார். கை தானாக மோதிரத்துக்குப் போனது.

"அவளுக்கு மூச்சு இழுத்துச்சு. மருந்து என் கையில இருந்துச்சு."

"அவளுக்கு மூச்சு இழுத்துச்சு. மருந்து என் கையில இருந்துச்சு."

கொட்டகையில் ஓர் இருமல் சத்தம்கூட இல்லை.

"கேட்டா குடுத்திருப்பேன். சாகப் போறவ எந்த வார்த்தையில கேப்பான்னு எழுதிக்கணும்."

அதையும் சொன்னார். வாயை மூடப் பார்த்தார். உதடு அவர் பேச்சைக் கேட்கவில்லை. வேர்வை மேக்கப்பைக் கரைத்துக் கழுத்தில் ஒழுகியது.

"கடைசி வரைக்கும் அவ கேக்கல."

"கடைசி வரைக்கும்..." அவர் குரல் உடைந்தது. "அவ கேக்கல."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். இந்த மனுஷன் நடிக்கவில்லை, வாழ்கிறான் என்று யாரோ கத்தினார்கள். கைதட்டாதவர் லைட்காரர் ஒருவர்தான். அவர் செய்ததெல்லாம் ஒன்றே. வாத்தியாரின் முகத்தில் விழுந்த வெளிச்சத்தை நகர்த்தாமல் வைத்திருந்தார்.

கைதட்டல் ஓய்ந்தது. பிடரியில் பட்டுக்கொண்டிருந்த மூச்சும் நின்றது.

இப்போது அவள் மட்டும்.

கையில் பக்கம் இருந்தது. அடுத்த வரியும் இருந்தது. அதைக் கொடுத்தால் நாடகம் பழைய தடத்துக்குத் திரும்பிவிடும். நடந்ததெல்லாம் வாத்தியாரின் புதுச் சரக்கு என்று ஊர் மெச்சும். திரை விழும். எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். தாழ்ப்பாள் போடப்படும்.

அவர் மோதிரத்தைத் திருகினார்.

அவள் விளக்கை அணைத்தாள்.

மறுபடி திருகினார். தோல் உரிகிற மாதிரி திருகினார். பிறகு எல்லோரும் பார்க்க மண்டியிட்டு, கூட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, குழிக்குள் முகத்தை நீட்டினார்.

"சொல்லு," என்று கெஞ்சினார். "ஏதாவது சொல்லும்மா."

அவள் அவரை முழுசாகப் பார்த்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து. வாய் திறக்கவில்லை.

அவருடைய பார்வை அவள் முகத்தில் நிற்கவில்லை. அவளுடைய தோளைத் தாண்டிப் பின்னால் போய், அங்கேயே நின்றது.

இவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு வாத்தியார் பேசவில்லை. லைட்காரர் சொன்னதை வைத்து விசாரிக்க வந்தவர்களிடமும் பேசவில்லை. ஒரு ஆஸ்பத்திரி வார்டில் சில வருஷம் இருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று நர்ஸ் கேட்டால் வெறும் விரலைத் திருகிக்கொண்டு தரையையே பார்ப்பார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தார். கதாநாயகி வேறு குழுவில் மாமியார் வேஷம் போடுகிறாள். மேக்கப் அக்கா கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறாள். லைட்காரர் பல்புக்கடை வைத்திருக்கிறார். அண்ணன் கூப்பிட வந்தான்; அவள் கதவைத் திறக்கவில்லை. கொட்டகை இப்போது சிமெண்டு கிடங்கு. குழிமேல் மூட்டை அடுக்க ஆட்கள் ஒப்புக்கொள்வதில்லை. காரணம் கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கிராம்பு வாசனை அங்கே இப்போது இல்லை.

அவள் பஸ் நிலையத்து விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். நானும் ஒருமுறை போய்க் கேட்டேன், எனக்கு வேண்டாத ஒரு வண்டியைப் பற்றி. கம்பிகளுக்கு அப்பால் அவள் தலையைச் சாய்த்து, ஒரு மூச்சு காத்திருந்தாள். கிராம்பு மணத்தது. வண்டி எப்போது வரும், எங்கே நிற்கும் என்று மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சரியான பதில் வந்தது.

அவள் உதடு அசைந்தது அதற்குப் பிறகுதான்.